தலையணைப் பதிவேடு

2022 செப்டம்பர் 3 — இறகுத் தலையணை — 640
2022 செப்டம்பர் 24 — உமித் தலையணை — 410
2022 அக்டோபர் 15 — ரப்பர் பால் தலையணை — 1,850
2022 நவம்பர் 26 — மெத்தைக்கு அடியில் வைக்கும் பலகை — 260
2023 ஜனவரி 21 — இலவம்பஞ்சுத் தலையணை — 725
கூடுதல் — 3,885

இந்த வரிகளை எழுதி அடிக்கோடு போட்டவரை எடை அளவு அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அரைமில்லி என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். கடை கடையாகப் போய்த் தராசு, எடைக்கல், அளவுகோல் எல்லாவற்றையும் சோதிப்பது, சரியாக இருந்தால் ஈய முத்திரை குத்துவது, சரியில்லை என்றால் பறிமுதல் செய்து எடுத்து வருவது, இதுதான் அவர் வேலை. முப்பத்து நான்கு வருடம் நான்கு மாதம் அதைச் செய்தார். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு துணிக்கடையின் மீட்டர் கோல் அரை மில்லிமீட்டர் குறைகிறது என்று சொல்லி, கடைக்காரர் கொண்டுவந்து வைத்த தேநீரை ஆறவிட்டுவிட்டு, அந்தக் கோலை ஏழு தடவை அளந்தார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், ஓய்வு பெற்ற அன்று கொடுத்த கேடயத்திலும் ஏறிவிட்டது.

ஓய்வுக்குப் பிறகு அளப்பதற்கு வெளியில் ஒன்றும் இல்லாததால் வீட்டுக்குள் அளக்க ஆரம்பித்தார். சுவர்க் கடிகாரம், அலாரம், அடுப்படிக் கடிகாரம் மூன்றும் ஒரே விநாடியில் நகர்ந்தன. அடுப்படித் தராசுக்கு ஈய முத்திரையே வைத்துவிட்டார்.

“இந்த வீட்ல முத்திரை குத்தாம திரியறது நான் ஒருத்திதான்” என்று மனைவி சொல்வார்.

மனைவி பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். இருபத்திரண்டு வருடமாக ஒரே வழித்தடம், பதினேழு நிறுத்தங்கள். பிள்ளைகள் டிரைவரம்மா என்று கூப்பிடுவார்கள். அவர்களுடைய அப்பா அம்மாக்களும் அப்படியே கூப்பிட, தெருவுக்கே அதுதான் பெயராயிற்று. உப்பை விரலால் அளப்பவர், வழியைக் கண்ணால் அளப்பவர். கணவர் ஒரு தடவை நிறுத்தங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து எழுதிக் கொடுத்தபோது, அதை மடித்து ஆடுகிற சாப்பாட்டு மேசைக் காலுக்கு அடியில் வைத்தார். மேசை ஆடவில்லை. அளவு வீண்போகவில்லை என்று இருவருக்குமே திருப்தி.

ஓய்வுக்குப் பிறகு அரைமில்லிக்குத் தூக்கம் மட்டும் சரியாக வரவில்லை. அதையும் எழுதினார். வீட்டுக் கணக்குப் பதிவேட்டில் தனக்கென்று ஒரு பத்தி ஒதுக்கி, ‘மூன்று மணி நாற்பது நிமிடம்’, ‘நான்கு மணி’ என்று மூன்று வருடமாக ஒரு நாள் விடாமல் குறித்து வந்தார். எழுதியதால் தூக்கம் கூடவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

2022 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை, டிரைவரம்மாவுக்கு உடல்தகுதிச் சோதனை வந்தது. கண் நன்றாக இருந்தது, காது நன்றாக இருந்தது, ரத்த அழுத்தத்தைப் பார்த்து டாக்டரே பொறாமைப்பட்டார். கடைசியாக, “இடது பக்கம் திரும்பிப் பாருங்கம்மா” என்றார். டிரைவரம்மா திரும்பினார்.

“தோளைத் திருப்பாதீங்க. தலையை மட்டும்.”

“தலையைத்தான் டாக்டர் திருப்பறேன். தோள் கூடவே வருது.”

டாக்டர் சிரிக்கவில்லை. இடதில் நாற்பத்தெட்டு டிகிரி, வலதில் ஐம்பத்திரண்டு. பிள்ளைகளை ஏற்றும் வண்டிக்கு இரண்டு பக்கமும் அறுபது வேண்டும்.

உரிம அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தைப் பணிமனை ஓட்டுநர்கள் யாரும் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. தேறியவர்களுக்கு உரிம அட்டையோடு தடித்த உறை வரும். தேறாதவர்களுக்கு ஒற்றைத் தாளோடு மெல்லிய உறை வரும். விரலால் தடவினாலே போதும். ஆகஸ்ட் 18 அன்று வந்தது மெல்லிய உறை. அரைமில்லி பழக்க தோஷத்தில் அதை அடுப்படித் தராசில் வைத்தார். எட்டு கிராம்.

ஆறு மாதம் தவணை, பிப்ரவரி 16 அன்று மறுசோதனை, அதுவே கடைசி என்று கடிதத்தில் இருந்தது. அதுவரை டிரைவரம்மா தன் வண்டியிலேயே பிள்ளைகளை ஏற்றி இறக்கும் உதவியாளராகப் போனார். ஓட்டியவர் புதிதாக வந்த டிரைவர், நாற்பது வயதுக்காரர். நிறுத்தம் தாண்டிய பிறகுதான் அவருக்கு நிறுத்தம் ஞாபகம் வரும்.

“பிரேக் போடறாராம், பிரேக்! இன்னிக்குப் பதினொண்ணாவது நிறுத்தத்துல என் பை இருந்த இடத்துல நான், நான் இருந்த இடத்துல பை” என்று டிரைவரம்மா முதல் நாள் வந்து சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வண்டிச் சாவியை மாட்டும் ஆணியை அவர் ஒரு தடவை பார்த்ததை அரைமில்லி பார்த்துவிட்டார். அன்றைக்கே புதுப் பதிவேடு ஒன்று எடுத்து முதல் பக்கத்தில் கோடு போட்டு, தன் தூக்கப் பத்தியையும் அதிலேயே மாற்றிக்கொண்டார்.

மகள் வேறு ஊரில் மருத்துவமனையில் உடற்பயிற்சி சிகிச்சை தருபவள். தொலைபேசியில் சில பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தாள். பிறகு கேட்டாள்: “அம்மா தலைக்கு என்ன வச்சுப் படுக்கறாங்கப்பா?”

“தலையணைதான்.”

“என்ன தலையணை?”

அரைமில்லி போய்ப் பார்த்தார். பதினொரு வருடத்துக்கு முன் ஜோடியாக வாங்கிய செயற்கைப் பஞ்சுத் தலையணைகள். வாங்கும்போது உயரம் நூற்று முப்பது மில்லிமீட்டர். இப்போது நாற்பத்தொன்று, உள்ளே மூன்று கட்டிகள் வேறு. மகள் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வது தொலைபேசியிலேயே கேட்டது.

“அது தலையணை இல்லப்பா, மடிச்ச கோணி. காத்துப் போற மாதிரி, இயற்கையா எதுலயாவது செஞ்சதா வாங்குங்க. கழுத்தைத் தாங்கணும், தலையைத் தூக்கக்கூடாது. தலையணையே வைத்தியம் இல்ல, சரியா? பகல்ல பயிற்சி செய்யறதை ராத்திரி கெடுக்காம இருந்தா போதும்.”

முதலில் வந்தது இறகுத் தலையணை. மேகம் மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் இறகுக் காம்பு ஒன்று துணியைக் குத்திக்கொண்டு வெளியே வந்து டிரைவரம்மாவின் கன்னத்தைக் கீறியது. மூன்றாம் நாள் தும்மல் ஆரம்பித்தது. அரைமில்லி எண்ணினார், நாற்பத்து மூன்று. அத்தோடு அதை மூட்டை கட்டினார்கள். அடுத்தது உமித் தலையணை. கழுத்தின் வளைவுக்கு ஏற்றபடி நன்றாக அமர்ந்தது. ஆனால் மூன்று கிலோ இருநூறு கிராம், அசைந்தால் சரசரவென்று சத்தம். “ராத்திரி பூரா யாரோ காதுக்குள்ள சாக்கு இழுக்கறாங்க” என்று டிரைவரம்மா நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாவது தடவை அரைமில்லி அலுவலகப் பாணியில் இறங்கினார். மனைவியைச் சுவரோரம் நிற்க வைத்துத் தோள் நுனியிலிருந்து காது வரைக்கும் அளந்தார். நூற்றுப் பதினைந்து மில்லிமீட்டர். அதே உயரத்தில், மரத்திலிருந்து வடிக்கும் ரப்பர் பாலில் செய்த தலையணையைத் தேடிக் கண்டுபிடித்தார். அழுத்தினால் அமுங்கி, விட்டால் மெதுவாக எழும். உள்ளே தேன்கூடு மாதிரி துளைகள். அக்டோபர் 15 சனிக்கிழமை மத்தியானம் அதைக் கட்டிலில் வைத்து, “படுத்துப் பாரு” என்றார். டிரைவரம்மா ஐந்து நிமிடம் படுத்தார்.

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு” என்றார் டிரைவரம்மா, கூரையைப் பார்த்துக்கொண்டே.

சரிபார்க்கிறேன் என்று அரைமில்லி தானும் படுத்தார். எழுந்தபோது மணி மூன்றரை. இரண்டு மணி நேரம் தூங்கியிருக்கிறார். காலையில் சீக்கிரம் எழுந்த களைப்பு என்று எழுதிக்கொண்டார்.

அலமாரியில் தலையணைகள் பெருகிவிட்டதால் எது எது என்று குழம்பாமல் இருக்க, அழியாத மையால் எண் போட்டார். புத்தம்புதுத் தலையணையின் வெள்ளைத் துணியில் மை வைக்க மனம் வரவில்லை. அதனால் உறையின் ஓரத்தில் எழுதினார். டிரைவரம்மாவின் உறையில் ‘எண் 3’, தன் உறையில் ‘பழையது’.

தினமும் காலையில் பேருந்துக்குக் கிளம்புமுன் பத்து நிமிடம் சோதனை. டிரைவரம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும். தலையில் ஒரு பழைய தொப்பி. தொப்பியின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பின்னல் ஊசி. தோள்களைச் சுற்றி, டிகிரி குறித்த வட்ட அட்டை. அரைமில்லி பின்னால் நின்று இரண்டு தோளையும் பிடித்துக்கொள்வார்.

“இடது.”

“யாராவது ஜன்னல் வழியா பாத்தா, என்னைக் கடிகாரமா மாத்திட்டீங்கன்னு நெனைப்பாங்க.”

“பேசாதே, முள் ஆடுது. நாற்பத்தேழு. வலது.”

இப்படி அக்டோபர் போயிற்று. நவம்பர் போயிற்று. நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு, நாற்பத்தேழு. அறுபது எங்கேயோ தூரத்தில் நின்றது. தலையணை சரி, அளவு சரி, பொருள் சரி. அப்படியென்றால் தப்பு வேறு எங்கோ இருக்க வேண்டும். மெத்தை அமுங்குகிறது என்று பலகை வாங்கிப் போட்டார். எண் அசையவில்லை. டிசம்பரில் ஒருநாள் பொறுமை போய், “தலையணை மேல ஒரு குத்தமும் இல்ல. உன் கழுத்துதான் பிடிவாதம் பிடிக்குது” என்று சொல்லிவிட்டார்.

“எங்க வீட்டுக் கழுத்து அப்படித்தான். மாப்பிள்ளை பாக்க வந்தப்பவே சொல்லிருக்கணும்” என்று சொல்லித் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார் டிரைவரம்மா.

ஜனவரி 17, செவ்வாய்க்கிழமை. டிரைவரம்மா வேலைக்குப் போயிருந்தார். மகள் கேட்டாள் என்று அரைமில்லி பதிவேட்டை ஒரே தாளில் பிரதி எடுக்க உட்கார்ந்தார். ஒரு பத்தியில் மனைவியின் கழுத்து. பக்கத்துப் பத்தியில் தன் தூக்கம். எழுதிக்கொண்டே வந்தவர் பாதியில் பேனாவை மூடினார்.

எதை வைத்தாலும் ஒரே எடை காட்டும் தராசை அவர் பார்த்திருக்கிறார். ஒன்று, முள் சிக்கிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் தட்டில் வைத்த பொருளை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். மனைவியின் கழுத்து மூன்று மாதமாக அப்படித்தான் நின்றது. ஆனால் தன் தூக்கம்? அக்டோபர் 14 வரை நான்கு மணி நேரம். 15 முதல் ஆறரை. குறிப்புப் பத்தியில் தன் கையெழுத்திலேயே இருந்தது: ‘அக். 16. என் தலையணை சற்றுத் தடிப்பாகத் தெரிகிறது. உறை துவைத்ததில் சுருங்கியிருக்கலாம்.’ ‘அக். 19. படுக்கையில் லேசான ரப்பர் வாசனை. எண் 3 பக்கத்திலிருந்து வருகிறது.’

படுக்கையறைக்குப் போனார். ‘எண் 3’ என்று எழுதிய உறையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். உள்ளே மூன்று கட்டிகளோடு பழைய தலையணை. ‘பழையது’ என்று எழுதிய உறைக்குள் வெள்ளை வெளேரென்று ரப்பர் பால் தலையணை, அதில் இடது பக்கமாகத் தன் தலை பதிந்த பள்ளம்.

முப்பத்து நான்கு வருடம் தராசுக்கு முத்திரை குத்திய மனிதர், வீட்டில் தராசை விட்டுவிட்டு அதைப் போர்த்திய துணிக்கு முத்திரை குத்தியிருக்கிறார். உறைகளைத் துவைத்து மாட்டுவது யார் என்பதும் பதிவேட்டில் இல்லை.

மாலை நான்கு ஐம்பதுக்கு டிரைவரம்மா வந்தார். சாப்பாட்டு மேசை மேல் பழைய தலையணை உறையில்லாமல் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

“இது என்ன?” என்றார் அரைமில்லி.

“தலையணை.”

“உறைல என்ன எழுதிருக்கு?”

“மூணு. நீங்கதான் எழுதினீங்க. எழுத்து நல்லாத்தான் இருக்கு.”

“விளையாடாதே. தொண்ணூத்தி நாலு ராத்திரி! தொண்ணூத்தி நாலு ராத்திரி இந்தக் கோணியிலயே படுத்துட்டு, தினமும் காலைல வந்து என் முன்னாடி உக்காந்திருக்கே.”

டிரைவரம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மூணு வருஷமா நீங்க ஒழுங்கா தூங்கி நான் பாக்கல. அன்னிக்கு மத்தியானம் அதுல படுத்ததும் வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்கினீங்க. குறட்டை வேற. எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? அதான் மாத்தினேன்.”

“ஒரு வார்த்தை சொல்லிருந்தா இன்னொண்ணு வாங்கிருப்பேன்ல?”

“சொன்னா நீங்க எழுதிடுவீங்க. எழுதிட்டா அப்புறம் அது எனக்கு வாங்கினது, நான்தான் படுக்கணும்னு ஒத்தக் கால்ல நிப்பீங்க. அதுவுமில்லாம எனக்கு அது சேரலைங்க. உயரம். தாடை வந்து நெஞ்சுல இடிச்சுது.”

“சேரலையா? அளந்துதானே வாங்கினேன்! தோள்லேர்ந்து காது வரைக்கும் நூத்திப் பதினஞ்சு!”

“நான் எப்படிப் படுப்பேன்னு தெரியுமா உங்களுக்கு?”

அரைமில்லியின் கை தன்னால் பதிவேட்டுப் பக்கம் போயிற்று. அங்கே அப்படி ஒரு பத்தி இல்லை. அரைமில்லி படுத்தால் இடது பக்கம் ஒருக்களித்து, சுவரைப் பார்த்துத்தான் படுப்பார். தோளுக்கும் காதுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்பினால் போதும் என்று நினைத்தது, உலகமே அப்படித்தான் படுக்கும் என்ற எண்ணத்தில்.

“மல்லாந்து” என்றார் டிரைவரம்மா. “முப்பத்து மூணு வருஷமா மல்லாந்துதான். நீங்க சுவத்தைப் பாத்துப் படுப்பீங்க. நான் கூரையைப் பாத்துப் படுப்பேன்.”

அரைமில்லி கேட்டார்: “அப்போ உன் லைசென்ஸ்?”

“அது போனது போனதுதாங்க. அம்பத்தேழு வயசுக் கழுத்து இனிமே எங்க திரும்பப் போகுது? போன மாசம் என் சீட்டு மெத்தையைக்கூடப் புது டிரைவருக்குக் குடுத்துட்டேன். பாவம், முதுகு வலின்னாரு.”

அந்தச் சீட்டு மெத்தை அரைமில்லிக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடத்தில் மூன்று தடவை துணி மாற்றித் தைத்தது. டிரைவரம்மா அதை மகளுக்குக்கூட விட்டுத் தர மாட்டார்.

“அப்போ தினமும் காலைல தொப்பி போட்டுக்கிட்டு உக்காந்தியே, அது எதுக்கு?”

“உங்களுக்காகத்தான். அந்தப் பத்து நிமிஷம் நீங்க ஆபீசுக்குப் போற ஆள் மாதிரி இருந்தீங்க.”

அரைமில்லி பதிவேட்டை இழுத்துத் திறந்தார். தப்பான பதிவை அழிப்பது அவர் வழக்கமில்லை. சிவப்பு மையால் தொண்ணூற்று நான்கு நாளுக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டு, கள்ளத் தராசு அறிக்கையில் எழுதுவது போல ‘செல்லாது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். அடுத்த பக்கத்தைத் திருப்பிப் புதிதாக ஒரு பத்தி போட்டு, அதன் தலைப்பில் ‘படுக்கும் விதம்’ என்று எழுதி, கீழே ‘மல்லாந்து’ என்று நிரப்பினார்.

“முப்பது நாள் இருக்கு” என்றார். “கழுத்து போச்சான்னு இன்னும் யாரும் சோதிக்கவே இல்ல. நான் சோதிச்சது என் தலையணையை.”

டிரைவரம்மா அன்றிலிருந்து மகள் சொன்ன பயிற்சிகளைக் காலையும் மாலையும் செய்தார்.

சனிக்கிழமை இருவருமாக மெத்தைக் கடைக்குப் போனார்கள். கடைக்காரப் பெண் பெரிய கண்ணாடி போட்டவர். அவர் கேட்ட முதல் கேள்வியே, “அம்மா எப்படிப் படுப்பீங்க?” என்பதுதான். அரைமில்லி முந்திக்கொண்டு, “மல்லாந்து” என்றார். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த மாதிரி.

“மல்லாந்து படுக்கறவங்களுக்கு உயரம் கம்மியா இருக்கணும், கழுத்துக்குக் கீழ மட்டும் கொஞ்சம் நிறைவா இருக்கணும். இலவம்பஞ்சு எடுத்துக்குங்க. லேசா இருக்கும், சூடு தங்காது. ஓரத்துல ஜிப் இருக்கு. வேணுங்கற அளவுக்குப் பஞ்சை எடுக்கலாம், போடலாம்.” ஒரு பிடி பஞ்சை எடுத்து அரைமில்லி கையில் வைத்தார். “அழுத்திட்டு விடுங்க. பட்டு மாதிரி விரியுதா? கட்டியாவே நின்னா பழைய பஞ்சு. மோந்து பாருங்க, ஈர வாடை வரக்கூடாது. வெளித்துணி நெருக்கமா நெய்த பருத்தியா இருக்கணும், இல்லேன்னா பஞ்சு கசிஞ்சு மூக்குல ஏறும். பதினஞ்சு நாளைக்கு ஒருதடவை வெயில் காட்டுங்க, போதும்.”

அரைமில்லி அழுத்தினார், மோந்தார், விதை கிடக்கிறதா என்று விரலால் துழாவினார். ஒரே ஒரு கறுப்பு விதை அகப்பட்டது. அதைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார்.

டிரைவரம்மா கடைக் கட்டிலில் படுத்தார். அரைமில்லி சட்டைப் பையிலிருந்து அளவுகோலை எடுத்தார்.

“அதை உள்ள வைங்கய்யா” என்றார் கடைக்காரப் பெண். “பக்கத்துல குனிஞ்சு அம்மா மூஞ்சியைப் பாருங்க. நெத்தியும் தாடையும் ஒரே மட்டமா இருக்கா? தாடை மேல தூக்கினா பஞ்சு பத்தல. நெஞ்சுப் பக்கம் இறங்கினா ஜாஸ்தி.”

அரைமில்லி அளவுகோலை உள்ளே வைத்துவிட்டு, இன்னொரு பையிலிருந்து கொத்தனார்கள் வைத்திருக்கும் சின்ன ரசமட்டத்தை எடுத்து மனைவியின் நெற்றிக்கும் தாடைக்கும் குறுக்கே மெதுவாகப் பிடித்தார்.

“மூக்கு இடிக்குதுங்க.”

“மூக்கை விட்டு ஓரமாத்தான் பிடிச்சிருக்கேன். சிரிக்காதே. குமிழி ஓடுது.”

“நீங்க அதை எடுத்தா நான் சிரிப்பை நிறுத்தறேன்.”

கடைக்காரப் பெண் ஒரு பிடி எடுத்தார். இன்னும் அரைப் பிடி. கழுத்துக்குக் கீழே உள்ளங்கையைச் செருகி, இடைவெளி இல்லை என்று தலையாட்டினார். மூன்றாவது தடவை அரைமில்லி குனிந்தபோது குமிழி நடுவில் நின்றது. டிரைவரம்மா சிரிப்பதை நிறுத்தியிருந்தார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சாலையில் போகும் லாரிச் சத்தத்துக்கு நடுவே, கடை நடுவே, அவருடைய தோள்கள் இரண்டும் மெதுவாகக் கட்டிலில் இறங்கின. அந்தத் தோள்கள் இறங்கி அரைமில்லி பார்த்ததே இல்லை. ஒரு பக்கக் கண்ணாடிக்கும் இன்னொரு பக்கக் கண்ணாடிக்கும் நடுவே இருபத்திரண்டு வருடம் தூக்கியே வைத்திருந்த தோள்கள் அவை.

“இது” என்றார் டிரைவரம்மா, கண்ணைத் திறக்காமல். அரைமில்லி அப்போதுதான் அளவுகோலை எடுத்தார். தலையின் பாரத்தோடு எழுபத்தெட்டு மில்லிமீட்டர்.

வீட்டுக்கு வந்ததும் எண்ணைத் தலையணையின் துணியிலேயே எழுதினார். மை பரவியது, பரவட்டும் என்று விட்டார். பிறகு பழைய பெட்டியைத் திறந்து முத்திரைக் குறட்டை எடுத்து, ஜிப்பின் துளையில் கம்பி கோத்து, ஈயக் குண்டு ஒன்றை நசுக்கி முத்திரை வைத்தார்.

“இனிமே மாத்தினா முத்திரை உடையும்.”

“அட ராமா, கடைசில எனக்கும் குத்திட்டீங்களா?” என்றார் டிரைவரம்மா.

ரப்பர் பால் தலையணை முறைப்படி அரைமில்லியின் பெயருக்கு மாற்றி எழுதப்பட்டது.

ஜனவரி 22, இடது நாற்பத்தெட்டு. 26 அன்றும் அதேதான். அரைமில்லி இரண்டையும் அப்படியே எழுதினார். 29 அன்று ஐம்பது. பிப்ரவரி 5 அன்று ஐம்பத்து நான்கு. அன்று காலையில் டிரைவரம்மாவே தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, “வாங்க, நேரமாச்சு” என்று கூப்பிட்டார். பிப்ரவரி 10 அன்று ஐம்பத்தேழு.

சோதனைக்கு முந்தின நாள், பிப்ரவரி 15. வலது அறுபத்திரண்டு. இடது?

அரைமில்லி அட்டையை இரண்டு தடவை பார்த்தார்.

“எவ்வளவு?”

“அம்பத்தொம்பது.”

“ஒண்ணு கூட்டிச் சொல்லக்கூடாதா?”

“கூடாது.”

“அதானே பாத்தேன்.” தொப்பியைக் கழற்றப் போன கையை அரைமில்லி தடுத்தார்.

“ஆனா” என்று ஆரம்பித்து, தொப்பியிலிருந்த ஊசியைத் தொட்டுப் பார்த்தார். “இந்த ஊசி தொப்பியில கொஞ்சம் ஆடுது. அரை டிகிரி, ஒரு டிகிரி அப்படி இப்படி இருக்கலாம்.”

டிரைவரம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். தோள் அசையவில்லை. முப்பத்து மூன்று வருடத்தில், ‘அப்படி இப்படி’ என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்து அவர் கேட்டதில்லை.

மறுநாள் சோதனை அறைக்கு வெளியே அரைமில்லி ஐம்பத்திரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தார். டிரைவரம்மா வெளியே வந்தார்.

“என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல, எழுதிக்கிட்டாரு. கருவியை வச்சு ரெண்டு தடவை பாத்தாரு. கடிதம் வரும்னாரு.”

“எத்தனைன்னு கேக்கலையா?”

“வீட்ல கேக்கறதுக்கு ஆள் இருக்கு, அங்கயும் கேக்கணுமா? தோள் கூட வரல. அது மட்டும் எனக்குத் தெரியும்.”

போகும் வழியில் பணிமனையில் இறங்கிக்கொண்டார். திரும்பி வரும்போது கக்கத்தில் சீட்டு மெத்தை இருந்தது. “துணி கிழிஞ்சிருக்கு, தைச்சுத் தர்றேன்னு வாங்கிட்டு வந்தேன்” என்றார். அன்று மாலையே தைத்தார். திருப்பிக் கொடுக்கவில்லை. சாவி மாட்டும் ஆணிக்குக் கீழே வைத்தார். பதினொரு நாள் அது அங்கேயே இருந்தது. அரைமில்லி அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தெருப்பக்கம் எட்டிப் பார்த்தார்.

கடிதம் வந்தபோது டிரைவரம்மா வேலையில் இருந்தார். மனைவி பெயருக்கு வந்ததைப் பிரிக்கும் ஆள் இல்லை அரைமில்லி. தடவிப் பார்ப்பதும் பிரிப்பதற்குச் சமம் என்று, ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்து எடுத்துப் போய் அடுப்படித் தராசில் வைத்தார். முள் எட்டைத் தாண்டிப் போய் இருபத்தொன்றில் நின்றது. ஆடவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இருபத்தொன்றுதான். சீட்டு மெத்தையை எடுத்துத் தட்டி, வாசல் கதவுக்குப் பக்கத்தில், நாளைக் காலையில் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து எழுதினார்.

உரிம அலுவலகக் கடிதம், எடை 21 கிராம், பிரிக்கப்படவில்லை. வந்து சேர்ந்தது: 2023 பிப்ரவரி 27, திங்கட்கிழமை, காலை 11.20.